ஒன்பதாம் வகுப்புக்கு ‘என் கதை’ கட்டுரை: எதைப் படிக்கக் கொடுப்பது?

நூலகத்தெரு:
என் மகளின் தமிழாசிரியர் ‘என் கதை’ என்று நான்கு பக்கம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார். எழுதுவதற்கு முன் படிக்க, தலித் எழுத்தாளர் பாமா தன் வாழ்க்கையை எழுதிய ‘கருக்கு’விலிருந்து ஒரு பகுதி. ஒன்பதாம் வகுப்புக்கு இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. பிள்ளை தன் கதையை எழுதினால் வீட்டுக் கதையும் கூடவே வரும்: அப்பாவின் குடி, கடன், அம்மா பிரிந்து போனது. பக்கத்து பெஞ்சுக்கும் அது தெரிந்துவிடும். மரம் பேசுகிறது, பேனா பேசுகிறது என்று நாம் எழுதிய தன்வரலாற்றுக் கட்டுரை போதாதா? படிக்க உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ இருக்கிறது.

சாக்பீஸ்:
நானும் தமிழாசிரியர்தான் சார். பேனாவின் தன்வரலாறு எல்லாத் தாளிலும் கடையில் தொடங்கிக் குப்பைத்தொட்டியில் முடியும். நோட்ஸில் இருப்பதை அப்படியே எழுதுகிறார்கள். எழுதிய பிள்ளை அதில் இல்லவே இல்லை.

‘கருக்கு’ 1992இல் வந்தது. சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் அதன் ஒரு பகுதி பல வருடங்களாக இருக்கிறது. மூன்றாம் வகுப்புச் சிறுமி பள்ளிவிட்டு வருகிறாள். பத்து நிமிட நடைதான். ஆனால் குரங்கு வித்தை, பாம்பாட்டி, கடைத்தெரு என்று வேடிக்கை பார்த்து வீடு சேர ஒரு மணி நேரம்கூட ஆகிவிடும். அப்புறம் அவள் தெருப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தை நூலில் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் நாயக்கரிடம் கொடுப்பதைப் பார்க்கிறாள். சிரிப்பு தாங்கவில்லை. கை பட்டால் தீட்டு என்பதால்தான் அப்படி என்று அண்ணன் சொன்னதும் சிரிப்பு போய்விடுகிறது. கண்ணால் பார்த்ததை வரிசையாக எழுதினால் போதும் என்று பிள்ளைக்கு இதைவிட எளிதாக எது காட்டும்?

நூலகத்தெரு:
பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை வேறு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வேறு. அதைச் சத்தமாக வாசிக்கும்போது, அப்படிப்பட்ட தெருவிலிருந்து வரும் பிள்ளையை வகுப்பே திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வைக்கு யார் பொறுப்பு?

கரிசல்காடு:
அண்ணா, நான் அந்த மாதிரித் தெருவில் வளர்ந்தவள். பாடம் இல்லாதபோதும் திரும்பிப் பார்த்தார்கள். பார்ப்பார்களே என்று பாடத்தை எடுத்தால், ஒதுங்க வேண்டியது மறுபடி நாங்கள்தான். பார்க்கிறவர்களிடம் பேசுவது ஆசிரியரின் வேலை.

‘என் சரித்திர’மும் வேண்டும். 1940இல் ஆனந்த விகடனில் தொடராகத் தொடங்கியது. 1942இல் உ.வே.சா. இறந்ததால் பாதியில் நின்றது. படிக்க வேங்கடராமனாகப் போனவரை ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சாமிநாதன் என்று கூப்பிடத் தொடங்கும் இடம் எந்தப் பிள்ளைக்கும் பிடிக்கும். ஆனால் அதை மட்டும் கொடுத்தால், பெரிய மனிதர்களுக்குத்தான் கதை உண்டு என்று நினைத்துவிடும்.

சாக்பீஸ்:
வீட்டு விஷயம் பற்றி நூலகத்தெரு சார் சொல்வது நியாயம்தான். அதற்குத்தான் நான், நாஜிகளுக்குப் பயந்து குடும்பத்தோடு ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கைச் சொல்லிக்கொடுக்கிறேன். 1942இல் பதின்மூன்றாம் பிறந்தநாளுக்கு அவளுக்கு அந்த நோட்டு கிடைத்தது. போர்க்கால நாட்குறிப்புகளைப் பத்திரப்படுத்துங்கள் என்று 1944 மார்ச்சில் வானொலியில் கேட்டதும், எழுதியதை அவளே திருத்தி எழுத ஆரம்பித்தாள். கூட ஒளிந்திருந்தவர்களுக்கு மாற்றுப் பெயர்களும் யோசித்து வைத்தாள். எதைச் சொல்வது, எதை விடுவது என்று எழுதுகிறவரே முடிவு செய்யலாம் என்பதை என் வகுப்பு இதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. முழு வாழ்க்கை வேண்டாம், ஒரே ஒரு நாளை எழுதினால் போதும். விருப்பப்பட்டவர் மட்டும் வாசிக்கலாம்.

நூலகத்தெரு:
மார்க் என்று ஒன்று இருக்கும்வரை அது விருப்பம் ஆகாது. உருக்கமாக எழுதினால் மார்க் கூடும் என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். இருப்பதிலேயே வலிக்கிற விஷயத்தைத்தான் தேடி எடுப்பார்கள்.

சாக்பீஸ்:
நான் இதற்கு மார்க் போடுவதில்லை. அகமதிப்பீட்டுக்கு வேறு பயிற்சி கொடுக்கிறேன்.

நூலகத்தெரு:
உங்கள் வகுப்பில் சரி. பெற்றோர் கூட்டத்தன்று எல்லா நோட்டையும் மேசையில் பரப்பி வைக்கும் பள்ளிகள்தான் அதிகம். இந்தக் கட்டுரைக்கு மார்க் கிடையாது, ஆசிரியரைத் தவிர யாரும் பார்க்கமாட்டார்கள் என்று எழுதித் தரச் சொல்லப் போகிறேன். தந்தால் மகள் எழுதட்டும். வாசிக்கக் கொடுத்த பகுதியைப் பற்றி இன்னும் எனக்குத் தயக்கம்தான்.

கரிசல்காடு:
முதலில் நீங்கள் அதைப் படியுங்கள் அண்ணா, மகளோடு சேர்ந்து.