விண்ட் அண்ட் ட்ரூத்: ஒரே ஒரு சொல் என்னை வெளியே தள்ளிவிட்டது, உங்களுக்கும் அப்படியா?

இரவுஷிஃப்ட்:

பிராண்டன் சாண்டர்சனின் ஸ்டார்ம்லைட் மிகுபுனைவுத் தொடரில் ஐந்தாவது நாவலான இதை நேற்று இரவுதான் முடித்தேன். முடிவைப் பற்றி எதுவும் சொல்லமாட்டேன், பயப்படாமல் படிக்கலாம். நடுப்பகுதியிலிருந்து கொஞ்சம் கதை வரும், அவ்வளவுதான்.

முதலில் என் கதை. முதல் பாகமான வே ஆஃப் கிங்ஸ் 2010இல் வந்தது. நான் கையில் எடுத்தது அடுத்த வருடம். அப்போது இரவு ஷிஃப்ட், சர்வர் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை. எந்த அலாரமும் அடிக்காத மணிகளில் படிப்பேன். பாலம் தூக்கி ஓடும் அடிமைகள், அம்பு விழுந்து சரிபவன் இடத்தில் அடுத்தவன் தோள் கொடுப்பது, அவர்களில் ஒருவனான கேலடின் மழையில் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் போய் நிற்பது... அந்த அத்தியாயத்தில் இருந்தபோது உண்மையாகவே ஓர் அலாரம் அடித்திருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. காலையில் வாங்கிய திட்டு இன்னும் நினைவிருக்கிறது. அப்புறம் 2014, 2017, 2020 என்று ஒவ்வொரு பாகத்தையும் வந்த வாரமே படித்தேன். இந்த ஐந்தாவது வந்தது 2024 டிசம்பர் 6. இத்தனை வருடம் கூடவே வந்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன்.

கேலடின், முன்னாள் கொலையாளி ஸெத்தைக் கூட்டிக்கொண்டு அவனுடைய சொந்த நாடான ஷினோவருக்குப் போகிறான். போன இடத்தில் ஒருவர் "நீ யார்?" என்கிற மாதிரி கேட்க, கேலடின், தான் ஸெத்தின் 'தெரபிஸ்ட்' என்கிறான்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். 1,300 பக்கத்துக்கு மேல் ஓடும் நாவலில் ஒரே ஒரு சொல்தான், தெரியும். ஆனால் சரித்திரக் கதையில் தளபதி கோட்டைக் கதவைச் சாத்திவிட்டு, "ஒரே டென்ஷனாக இருக்கிறது மன்னா" என்றால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது எனக்கு. அதற்குப் பிறகு ஒவ்வொரு உரையாடலையும் சந்தேகத்தோடுதான் படித்தேன். எல்லாரும் தங்கள் மனதைத் தாங்களே அலசி, தெளிவாக, வாக்கியம் வாக்கியமாக எடுத்து வைக்கிறார்கள். போர் நடந்துகொண்டிருக்கிறது ஐயா!

இது என் வயசுக் கோளாறா, இல்லை புத்தகத்தின் கோளாறா? இன்னொன்று, "தொடர் ஒரு கட்டத்துக்கு வரட்டும், அப்புறம் தொடங்குகிறேன்" என்று ஒரு தோழி வருடக்கணக்கில் காத்திருக்கிறாள். பத்துப் புத்தகத்தில் முதல் ஐந்து இதோடு ஒரு சுற்று முடிகிறது. அவளுக்கு என்ன சொல்வது?

ஆறாவதுபிரதி:

வயசுக் கோளாறுதான் என்று சொல்ல ஆசை. அந்தச் சொல் கேலடினுடையது இல்லை, விட் என்ற பாத்திரம் சொல்லிக்கொடுத்தது. விட் எத்தனை உலகம் சுற்றியவர் என்பது உங்களுக்குத் தெரியும். வெளியூர்ச் சொல்லை ஒருவன் கற்றுக்கொண்டு வந்து பெருமையாகப் பயன்படுத்துகிறான். அது கொஞ்சம் பொருந்தாமல் ஒலிப்பதுதானே இயல்பு?

பழைய பெரியவர்களும் சுத்தம் இல்லை. லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் முதல் அத்தியாயத்தில் பில்போவின் பிறந்தநாள் வாணவேடிக்கையில் டிராகன் பறக்கிறதே, அதை டோல்கீன் எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு ஒப்பிடுகிறார். ரயிலே இல்லாத உலகம் அது! கடைசியில் பின்னிணைப்பில், இதெல்லாம் வெஸ்ட்ரான் மொழியிலிருந்து நான் பெயர்த்தது என்ற பாவனையும் வைத்திருக்கிறார். ஸ்டார்ம்லைட் உலகத்திலும் யாரும் ஆங்கிலம் பேசவில்லை. நாம் படிப்பது மொழிபெயர்ப்பு என்று எடுத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது.

நடைவாசி:

தீரவில்லை. அதே டோல்கீன்தான் ஹாபிட்டில் முதலில் தக்காளி என்று எழுதியதை 1966 பதிப்பில் ஊறுகாயாக மாற்றினார். தன் உலகத்தில் தக்காளி இருக்கக்கூடாது என்று இத்தனை வருடம் கழித்தும் அவருக்கு உறுத்தியிருக்கிறது. பாவனை இருந்தால் எந்தச் சொல்லும் வரலாம் என்று அவரே நினைக்கவில்லை. ரயில் மட்டும் எப்படியோ தப்பிவிட்டது.

இரவுஷிஃப்ட், உங்கள் சங்கடத்தை 1973லேயே அர்சுலா லெ குவின் எழுதிவிட்டார். ஃப்ரம் எல்ஃப்லாண்ட் டு பொகீப்ஸி என்ற கட்டுரை. அன்றைய மிகுபுனைவு நாவல் ஒன்றிலிருந்து ஓர் உரையாடலை எடுத்து, பெயர்களையும் இன்னும் ஓரிரு சொற்களையும் மாற்றிக் காட்டுகிறார். உடனே அது வாஷிங்டன் அரசியல்வாதிகள் பேசிக்கொள்வதாக ஆகிவிடுகிறது. நாலைந்து சொல்லை மாற்றினால் இடமே மாறிவிடுமென்றால் அந்த நடையில் அந்த உலகம் இல்லை என்பது அவர் வாதம்.

அதே சோதனையை இங்கே செய்து பார்த்தேன். கேலடினும் அவன் கூடவே இருக்கும் ஆவித்தோழி சில்லும் பேசும் சில பக்கங்களில் பெயர்களை எடுத்துவிட்டால் அலுவலகத்தில் மதிய இடைவேளையில் இரண்டு பேர் பேசுவதுபோல் இருக்கிறது. இளவரசன் அடோலின் காக்கும் அஸிமிர் நகர முற்றுகையில் அந்த வேலை நடக்கவில்லை. எதிரி மதிலுக்கு வெளியே இல்லை, நகரின் நடுவில் உள்ள குவிமாடத்துக்குள்ளிருந்து வருகிறான். வீரர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். இடையிடையே அந்த ஊரின் சிறுவயதுப் பேரரசரோடு அடோலின் டவர்ஸ் என்ற சீட்டாட்டம் ஆடுகிறான். அந்தப் பேச்சை வேறெங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்? எனக்குப் புத்தகத்தின் உயிரே அந்தப் பகுதிதான். நான் இரண்டாம் முறை படித்தால் அதை மட்டும்தான் படிப்பேன்.

வருத்தம் என்னவென்றால், சாண்டர்சன் சொல்லில் அக்கறை இல்லாதவர் கிடையாது. அந்த உலகத்தில் கெடெக் என்று ஒரு கவிதை வடிவம் உண்டு. நம் மாலைமாற்று எழுத்தெழுத்தாகத் திரும்பும், கெடெக் சொல் சொல்லாகத் திரும்பும். புத்தகத்தின் பாகத் தலைப்புகளைச் சேர்த்தாலே ஒரு கெடெக் ஆகும்படி எழுதுகிற மனிதர். தலைப்புக்குக் காட்டும் கவனத்தில் கால்வாசியைப் பேச்சுக்கும் காட்டியிருக்கலாம்.

காதால்படிப்பவள்:

ஒலிப்புத்தகமாகக் கேட்டவர்கள் யாரும் இல்லையா? 60 மணி நேரத்துக்கு மேல். கேட் ரீடிங், மைக்கேல் கிராமர் இரண்டு பேரும் வழக்கம்போல. வீல் ஆஃப் டைமையும் வாசித்தவர்கள், வாழ்க்கையிலும் தம்பதி. நீங்கள் சொல்லும் அந்த இடம் எனக்கு உறுத்தவே இல்லை. கிராமர் குரலில் அதில் கொஞ்சம் தயக்கம், கொஞ்சம் வெட்கம் இருந்த மாதிரிப் பட்டது. சிரித்துவிட்டு அடுத்த பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

ஆன்மிக வெளி என்ற மாய உலகில் பழைய வரலாற்றைக் காட்டும் அத்தியாயங்கள்தான் எனக்கு நீளம். அங்கே வேகத்தைக் கூட்டி வைத்தேன், மன்னிக்கவும்.

கேட்பதேவேலை:

நான் மனநல ஆலோசனைத் தொழிலில் இருப்பவள், அதனால் இந்தப் பேச்சில் தலையிடாமல் இருக்க முடியவில்லை.

சொல்லைவிட எனக்கு இடித்தது பத்து நாள். நாவல் முழுக்கப் பத்து நாளில் நடக்கிறது, பாகத்துக்கு ஒரு நாள். போருக்கு அது சரி, கெடு நெருங்குகிறது என்ற பதற்றம் கிடைக்கிறது. ஆனால் ஸெத்? சிறுவயதிலிருந்து அடுத்தவர் கட்டளைக்கு மட்டுமே நடந்தவன், அரசர்களைக் கொன்றவன், கொன்றவர்களின் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருப்பவன். அவனைப் பத்து நாளில் தேற்ற வேண்டுமாம். என்னிடம் வருபவர்களுக்கு முதல் மூன்று சந்திப்பு "எனக்கு ஒன்றுமில்லை, வீட்டில்தான் போகச் சொன்னார்கள்" என்பதிலேயே போய்விடும். பத்து நாளில் வேலை முடியவேண்டும் என்றால் பாத்திரங்கள் தங்கள் நோயைத் தாங்களே விளக்கிச் சொல்லத்தான் வேண்டும். வேறு வழி இல்லை. நீங்கள் சொன்ன அந்த 'மனதை அலசும்' உரையாடல்கள் அங்கிருந்துதான் வருகின்றன என்பது என் ஊகம்.

நான்காவது பாகமான ரிதம் ஆஃப் வாரை நினைத்துப் பாருங்கள். போரில் மனம் உடைந்தவர்களை ஆர்டென்ட் என்ற துறவிகள் இருட்டறையில் தனித்தனியாக அடைத்து வைத்திருக்கிறார்கள். கேலடின் அவர்களை வெளியே கொண்டுவந்து, வெளிச்சத்தில் ஒன்றாக உட்காரவைத்துப் பேசவிடுகிறான். அதற்கு யாருக்கும் பெயர் தெரியாது. அவனுக்கும் தெரியாது. அறுவை மருத்துவரின் மகன், தானே அந்த இருட்டில் பாதி இருப்பவன், தட்டுத்தடுமாறி அதைக் கண்டுபிடிக்கிறான். படித்தபோது எனக்குக் கை சிலிர்த்தது. பெயர் இல்லாததால்தான் அது அவன் கண்டுபிடிப்பாக இருந்தது. ஐந்தாவது புத்தகத்தில் விட் வந்து, "இதற்கு எங்கள் ஊரில் இப்படிச் சொல்வார்கள்" என்று ஒரு பெயர்ப்பலகையை மாட்டிவிட்டார். ஆறாவதுபிரதி சொல்வதுபோல அது தர்க்கப்படி சரிதான். எனக்கு வலித்ததும் அதனால்தான்.

இவ்வளவு குறை சொன்னாலும், ஸெத்தின் இளமைக்கால அத்தியாயங்கள் அருமை. அங்கே எந்த அவசரமும் இல்லை.

ஆறாவதுபிரதி:

பெயர்ப்பலகை. சரி, இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒன்று, பாலம் தூக்கியவர்களில் ஒருவனாவது இதைக் கேட்டுச் சிரித்திருந்தால் எனக்குப் போதும். அவர்களில் கேலிக்காரன் லோபென் எங்கே போனான்?

இரவுஷிஃப்ட்:

கேட்பதேவேலை, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு நான்காவது புத்தகத்தின் அந்தப் பகுதியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆமாம். அங்கே கேலடின் தான் செய்வது சரியா என்று தெரியாமலே செய்கிறான். இங்கே அவனிடம் பதவியின் பெயர் இருக்கிறது. நான் தண்ணீர் குடிக்கப் போனது சொல்லுக்காக என்று நினைத்திருந்தேன். அந்த இருட்டறை ஆட்களை இனி புதிதாகப் பார்க்க முடியாது என்பதற்காகத்தான் போலிருக்கிறது.

நடைவாசி, அஸிமிர் பற்றி ஒரு வார்த்தை மறுப்பில்லை. கடைசிச் சில அத்தியாயங்களை நின்றுகொண்டு படித்தேன். உட்கார முடியவில்லை.

தோழியிடம் முதல் புத்தகத்தை எடுக்கச் சொல்லிவிட்டேன். அடுத்த பாகம் வர 2030ஐத் தாண்டும் என்று சாண்டர்சனே சொல்லியிருக்கிறார். இடையில் அவருடைய மற்றக் கதைகளான மிஸ்ட்பார்ன் உலகத்து நாவல்கள், எலான்ட்ரிஸ் தொடர்ச்சி என்று வரிசை நிற்கிறது. அவள் படிக்கும் வேகத்துக்கு அவசரமே இல்லை. ஐந்தாவதைப் பற்றி இப்போதைக்கு வாய் திறக்கப்போவதில்லை, அந்தச் சொல்லைப் பற்றியும்தான். அவளுக்கு அது உறுத்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

காதால்படிப்பவள்:

வரிசையைச் சரியாகச் சொல்லிவிடுங்கள். மூன்றாவது பாகமான ஓத்பிரிங்கருக்கு முன்னால் எட்ஜ்டான்சர், ரிதம் ஆஃப் வாருக்கு முன்னால் டான்ஷார்ட். சின்னப் புத்தகங்கள்தானே என்று பலர் தாண்டிவிடுகிறார்கள். எட்ஜ்டான்சரை விட்டால் லிஃப்ட் என்ற சிறுமிக்கும் அவளைத் துரத்தும் நேலுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதே புரியாது.

இரவுஷிஃப்ட்:

ஒரு நிமிடம். அது தனிப் புத்தகமா? நேல் எப்போது மாறினான் என்று 2017இலிருந்து குழம்பிக்கொண்டிருக்கிறேன். நான்தான் ஷிஃப்டில் தூங்கி ஏதோ அத்தியாயத்தை விட்டுவிட்டேன் என்று நினைத்து, ஓத்பிரிங்கரை இரண்டு முறை திருப்பித் தேடினேன்.