புகையிரதக் கடவை: ஆபத்துச் சுட்டெண்ணா, முன்னுரிமைச் சுட்டெண்ணா?

அன்பின் நண்பர்களுக்கு,

வீதி தண்டவாளத்தைக் கடக்கும் இடங்களான புகையிரதக் கடவைகளில் எதை முதலில் திருத்துவது என்று தீர்மானிக்க உதவும் எண்ணான ‘ஹசார்ட் இன்டெக்ஸ்’ என்பதற்குத் தமிழில் ‘முன்னுரிமைச் சுட்டெண்’ என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. சொல் எளிது, ஆனால் அந்த எண் அளப்பது முன்னுரிமையை அன்று.

அமெரிக்காவின் பல மாநிலங்கள் கையாண்ட நியூ ஹாம்ப்ஷயர் சூத்திரத்தில், ஒரு நாளில் கடவையைக் கடக்கும் வாகனங்களின் தொகையும் ரயில்களின் தொகையும் பெருக்கப்பட்டு, அங்குள்ள பாதுகாப்பு ஏற்பாட்டுக்குரிய காரணியாலும் பெருக்கப்படுகின்றன. எச்சரிக்கைப் பலகை மட்டும் இருந்தால் 1.0, மின்னும் விளக்குகளுக்கு 0.6, தானியங்கித் தடைக்கம்பத்துக்கு 0.1 என்பது வழக்கமான அளவு.

இதை இலங்கையின் மலையகத்தில் பொருத்திப் பாருங்கள். அட்டனுக்கும் நானுஓயாவுக்கும் இடையில் பலகை மட்டுமே உள்ள ஒரு தோட்ட வீதிக் கடவையில், கணக்குக்காக, 300 வாகனங்களும் 10 ரயில்களும் என்று வைத்தால் 3,000 வரும். கீழ்நாட்டில் தடைக்கம்பம் உள்ள கடவையொன்றில் 8,000 வாகனங்களும் 60 ரயில்களும் என்றால் 48,000. வளைவை மறைக்கும் மண்மேடு, மூடுபனி, ஏற்றத்தில் கொழுந்து ஏற்றிவரும் லொறி தண்டவாளத்தின் மேல் நின்றுபோகும் வாய்ப்பு ஆகிய எவையும் இந்தப் பெருக்கத்தில் இல்லை. இதற்கு ‘முன்னுரிமை’ என்றே பெயர் வைத்துவிட்டால், நமது கடவைகள் பட்டியலின் அடியில் கிடப்பதற்கு அந்தப் பெயரே நியாயமாகிவிடும்.

‘இடர்ச் சுட்டெண்’ என்பதையும் நான் ஏற்கவில்லை. வங்கி, காப்புறுதித் துறைகளில் ‘இடர்’ என்னும்போது நிகழக்கூடிய வாய்ப்போடு விளைவின் கடுமையும் சேர்கிறது. 2005 ஏப்ரலில் பொல்கஹவெலைக்கு அருகே யாங்கல்மோதரையில் ரயில் மோதியதில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பேருந்து, இந்தச் சூத்திரத்தில் ஒரே ஒரு வாகனந்தான்; விளைவின் கடுமை அதில் சேர்வதில்லை.

ஆகவே ‘புகையிரதக் கடவை ஆபத்துச் சுட்டெண்’ என்பதே என் பரிந்துரை. வெறும் ‘கடவை’ என்றால் பாதசாரிக் கடவையோடு மயங்கும். ‘சுட்டெண்’ பரீட்சைச் சுட்டெண்ணோடு குழம்பும் என்ற ஆட்சேபம் பெரிதன்று. விலைச் சுட்டெண்ணைப் பார்த்து எவரும் பரீட்சை இலக்கம் என்று எண்ணுவதில்லை. பார்வைத் தூரம், வீதியின் சாய்வு, பாடசாலைப் பிள்ளைகளின் நடமாட்டம், செலவு ஆகியவற்றையும் நிறுத்துப் பார்த்து எடுக்கும் இறுதித் தீர்மானத்துக்குத் ‘திருத்த முன்னுரிமை’ என்ற சொல்லைத் தனியே வைத்துக்கொள்ளலாம். தமிழக நண்பர்கள் ‘ரயில் கடவை’ என்று எழுத விரும்பினால் எனக்கு மறுப்பில்லை.