மல்டிஃபோகல் லென்ஸ் வைத்த பிறகு இருட்டில் ரப்பர் வெட்ட முடியவில்லை: அடுத்த கண்ணுக்கும் இதையே வைக்கலாமா?

கேட்பவர்: ரப்பர் விவசாயி, குலசேகரம்

எனக்கு வயது 61. சொந்த மரங்கள்தான்; ஆள் வைக்காமல் நானே பால் வெட்டுகிறேன். மழைக்காலம் தொடங்கும் முன் வலது கண்ணில் புரை எடுத்து, தூரமும் கிட்டமும் காட்டும் மல்டிஃபோகல் லென்ஸ் வைத்தார்கள். "இனிமேல் கண்ணாடியே வேண்டாம்" என்றார்கள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவ்வளவு பணம் கட்டினேன்.

பகலில் குறை சொல்ல மாட்டேன். பேப்பர் படிக்கிறேன், தூரத்தில் வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகை தெரிகிறது. விடியும் முன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினால்தான் தொல்லை. பட்டை முழுக்க வெளிறித் தெரிகிறது. முந்தைய வெட்டு நின்ற கோடு பிரிந்து தெரிவதில்லை. கத்தி சற்று ஆழமாகப் போனால் மரம் காயப்படும், மேலோட்டமாக நின்றால் சிரட்டையில் பால் விழாது. சாலைக்கு வந்தால் எதிரே வரும் ஒவ்வொரு பைக் விளக்கைச் சுற்றியும் வளையம்.

ஆஸ்பத்திரியில் முதலில் "பழகிவிடும்" என்றார்கள். இப்போது, "லேசர் அடித்துவிடலாம், இடது கண்ணுக்கும் இதே லென்ஸ் வைத்தால் சரியாகும்" என்கிறார்கள். இடது கண்ணிலும் புரை இருக்கிறது. சரி என்று சொல்லலாமா?

பதில்: கண் பரிசோதகர், மார்த்தாண்டம்

அண்ணன், லேசருக்கு இப்போதே தலையாட்டாதீர்கள். லென்ஸைத் தாங்கும் மெல்லிய பையின் பின்பக்கம் மங்கிப்போனால் அதைத் திறப்பதற்குத்தான் யாக் லேசர். மங்கியிருந்தால் சில நிமிட வேலை, நல்ல பலன். மங்காத பையைத் திறந்துவிட்டால் வளையம் போகாது. பின்னால் லென்ஸை மாற்ற வேண்டிவந்தால் அந்த அறுவை சிகிச்சை மிகவும் கடினமாகிவிடும். "பை மங்கியிருக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள்.

நீங்கள் சொல்லும் வெளிறலும் வளையமும் இந்த லென்ஸின் இயல்பிலேயே உண்டு. கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தை அது தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கு போடுகிறது. நல்ல வெயிலில் அந்த இழப்பு தெரியாது. இருட்டில் கண் பாப்பா விரியும்போது பங்கு போடுவது அப்பட்டமாகத் தெரியும். பலருக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் மூளை பழகிக்கொள்ளும், சிலருக்குப் பழகுவதே இல்லை.

பழகவில்லை என்று முடிவு கட்டும் முன் சரிசெய்யக்கூடிய காரணங்களைப் பார்த்துவிட வேண்டும். மிச்சப் பவரும் சிலிண்டரும் (கண்ணின் வளைவு சீராக இல்லாததால் வரும் பவர்) எவ்வளவு என்று அளக்கச் சொல்லுங்கள். ஒரே தூரத்துக்கு மட்டுமான சாதாரண லென்ஸில் 0.75 சிலிண்டரைப் பலர் பொறுத்துக்கொள்வார்கள். மல்டிஃபோகலில் அதுவே பார்வையைக் கெடுத்துவிடும். கண் வறட்சியைப் பார்க்க வேண்டும். விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருக்கிறதா என்று ஓசிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். லென்ஸ் அட்டையைத் தந்திருப்பார்கள், அதில் வகையும் பவரும் இருக்கும். போகும்போது கையில் வைத்திருங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியை, தக்கலை

தம்பி, எனக்கு வைத்தது சாதாரண லென்ஸ்தான். ஆனாலும் ஏமாற்றம் வந்தது. சிறு வயதிலிருந்தே கிட்டப்பார்வை, மைனஸ் 4. கண்ணாடியைக் கழற்றினால் பொடி எழுத்தும் படிப்பேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு தூரம் பளிச்சென்று தெரிந்தது, கையிலிருந்த பைபிள் மங்கிவிட்டது! பவரைத் தூரத்துக்கு வைத்திருந்தார்கள். அவர்கள் கணக்கில் வெற்றி. நாள் முழுக்க என்ன வேலை செய்கிறீர்கள் என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த கண்ணுக்கு நானே வாய் திறந்து, சற்றுக் கிட்டப்பார்வை மிச்சம் இருக்கும்படி கேட்டு வாங்கினேன். கத்தி பிடித்து வேலை செய்கிறவர் என்று நீங்களும் சொல்லுங்கள்.

பதில்: பெயர் தெரிவிக்காதவர்

நல்ல சிறுதேன் இரண்டு சொட்டு விட்டால் தெளியும். வெயில் வந்த பிறகு வெட்டினால் போதுமே, எதற்கு இருட்டில்?

பதில்: கண் பரிசோதகர், மார்த்தாண்டம்

எங்கள் ஊர்த் தேனின் பெருமை எனக்கும் தெரியும். அறுவை சிகிச்சை செய்த கண்ணில் மட்டும் விட வேண்டாம், கிருமி உள்ளே போனால் பார்வையே போகும்.

பதில்: விசைப்படகுக்காரர், குளச்சல்

எனக்கும் புரை எடுத்து லென்ஸ் வைத்த பிறகு வெளிப்பக்க ஓரத்தில் பிறை போல ஒரு நிழல் நின்றது. லென்ஸின் விளிம்பால் வருவது என்று டாக்டர் சொன்னார், சில மாதத்தில் மறைந்தது. அண்ணன், ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நிழல் திரை போல இறங்கினாலோ, மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தாலோ, புதிதாகக் கரும்புள்ளிகள் பறந்தாலோ அன்றே போய்விட வேண்டும். அது விழித்திரைக் கோளாறாக இருக்கலாம். வலியும் சிவப்புமாகப் பார்வை குறைந்தாலும் அப்படித்தான்.

மறுபடி கேட்பவர்: ரப்பர் விவசாயி, குலசேகரம்

வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறையும், அதனால்தான் விடியுமுன் வெட்டு.

திருவனந்தபுரத்தில் இன்னொரு டாக்டரிடம் அட்டையைக் காட்டினேன். பை தெளிவாக இருக்கிறது, லேசர் தேவையில்லை என்றார். ஓசிடியில் நீர்க்கோப்பு இல்லை. சிலிண்டர் 0.75 மிச்சம், வறட்சியும் உண்டு. சொட்டு மருந்தும், வெட்டும்போதும் இரவில் பைக் ஓட்டும்போதும் போட ஒரு கண்ணாடியும் எழுதித் தந்தார். கண்ணாடி போட்டால் வெட்டுக்கோடு முன்பைவிடப் பரவாயில்லை, வளையம் அப்படியே இருக்கிறது. லென்ஸை மாற்றும் பேச்சைக் கொஞ்சம் பொறுத்து எடுக்கலாம், ஆண்டுக்கணக்கில் தள்ளினால் பை லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும் என்றார்.

இடது கண்ணுக்குச் சாதாரண லென்ஸையே மைனஸ் 1.5 கிட்டப்பார்வை மிச்சம் வருமாறு வைக்கலாம், கைநீட்டும் தூரம் தெளிவாகத் தெரியும் என்கிறார். சரிதானா?

பதில்: கண் பரிசோதகர், மார்த்தாண்டம்

கணக்குச் சரி, ஏறக்குறைய 67 செ.மீ. ஆனால் கத்தி பிடித்து நிற்கும்போது உங்கள் கண்ணுக்கும் பட்டைக்கும் எவ்வளவு தூரம் என்று வீட்டில் யாரையாவது டேப்பால் அளக்கச் சொல்லி, அந்த எண்ணை டாக்டரிடம் கொடுங்கள். தாழ்ந்த வெட்டுக்கும் உயர்ந்த வெட்டுக்கும் தனித்தனியாக அளக்கவும். இடது கண்ணில் தூரம் சற்று மங்கும், பைக் ஓட்டும்போது கண்ணாடி வேண்டும். அதற்குச் சம்மதம் என்றால் தேதி வாங்குங்கள்.