சிவிக்ஸ் பாடத்துக்கு காமெடி வீடியோ போட்டா சரி வருமா?

கொட்டகலை மிஸ்:
வணக்கம், நான் தரம் 10க்கு குடியியற் கல்வி எடுக்கிறேன், மத்தியான பாடம்னா பாதி புள்ளைங்க கண்ணு சொருகிருது, சரின்னு யூடியூப்ல ஒரு சிரிப்பு வீடியோ இறக்கி போட்டேன், பின் பெஞ்ச் பயலுக கூட முன்னுக்கு வந்து உட்கார்ந்தானுக. அடுத்த கிழமை டெஸ்ட் வச்சா, நம்ம இலங்கை பாராளுமன்றத்துல எத்தனை பேர்ங்கிறதுக்கு பதினொரு பேர் 234னு எழுதியிருக்காங்க! அது தமிழ்நாட்டு சட்டசபைங்க. ஒரு புள்ள, ஜனாதிபதிய எம்பிமாரும் எம்எல்ஏமாரும் சேர்ந்து தெரிவு செய்றாங்கன்னு வேற, அதுவும் இந்தியா முறை தான். தமிழ்ல தேடினா முக்கால்வாசி இந்தியா கதை தான் வருது. இனி வீடியோவே வேணாமா, இல்ல வேற வழி இருக்கா?

மஸ்கெலியா சேர்:
மிஸ், 234 மனசுல நின்னுச்சுல்ல, அப்போ வீடியோ வேலை செஞ்சிருக்கு, நம்பர் தான் பிழை 😄
நாங்க புள்ளைங்கள வச்சே போன்ல எடுக்கிறோம். போன தவணை எடுத்தது பஸ் கதை. பஸ்ல 225 சீட், 22 கியூவுல 196 பேர் இடிபட்டு ஏறுறாங்க, அது தேர்தல் மாவட்டம். கண்டக்டரா நடிச்ச பய "பின்னுக்கு போங்க பின்னுக்கு போங்க"ன்னு கத்திக்கிட்டே இருக்கான், அந்த நேரம் பார்த்து 29 பேர் கட்சி துண்ட காட்டி முன் கதவால ஏறி ஜம்முன்னு ஜன்னலோரம் உட்கார்றாங்க. தேசியப்பட்டியல்! அதுக்கு அப்புறம் 196ம் 29ம் ஒருத்தனும் பிழை விடல.
ஆனா ஒன்னு, வீடியோ முடிஞ்ச கையோட ஒரு புள்ள "அப்போ அது கள்ள வழியா சேர்?"ன்னு கேட்டுச்சு. நாடு முழுக்க கட்சிக்கு விழுந்த மொத்த ஓட்டு கணக்குப்படி தான் அந்த 29ஐ பிரிக்கிறாங்கன்னு போர்ட்ல கணக்கு போட்டு காட்ட வேண்டியதா போச்சு. சிரிப்பு எங்க பொய் சொல்லுதோ அங்க நிப்பாட்டி கதைக்கணும், இல்லாட்டி ஆபத்து.

லயத்து பொண்ணு:
நான் டீச்சர் இல்ல, கொழும்புல வேலை. சேர் சொன்ன மாதிரி எடுக்கிறதுன்னா எங்க தேயிலைத் தோட்டத்து டிவிஷன் ரோட்டு கதைய எடுங்க. ரோடு உடைஞ்சி அப்பா பிரதேச சபைக்கு போனா "அது தோட்டத்து ரோடு"ம்பாங்க, தோட்டத்து ஆபீசுக்கு போனா துரை, அதான் மேனேஜர், "ஓட்டு சபைக்கு தானே போட்டீங்க, அங்க கேளுங்க"ம்பாரு. அப்பா மேலயும் கீழயும் நடந்து செருப்பு தேஞ்சது தான் மிச்சம். தோட்டத்துக்குள்ள சபை காச செலவழிக்க 1987 பிரதேச சபை சட்டம் தடையா இருந்துச்சு, 2018ல தான் திருத்தினாங்க. இத நான் ஸ்கூல்ல படிக்கவே இல்ல, வளர்ந்து தான் தெரியும். நடிக்க வேற தேவையில்ல, நடந்தத அப்படியே செஞ்சாலே காமெடி.

பொகவந்தலாவ தாத்தா:
எல்லாம் சரி புள்ளைங்களா, தோட்டத்து ஆளுங்கள நாடில்லாதவங்களா ஆக்குன 1948 பிரஜாவுரிமை சட்டத்துக்கு மட்டும் காமெடி போடாதீங்க. எங்க அம்மா பிரஜாவுரிமை பேப்பர டிரங்குப் பெட்டியில சேலைக்கு அடியில வச்சிருந்துச்சு, சாகும் வரைக்கும் யாரையும் தொட விடல. அத புள்ளைங்கள வீட்டுல கேட்டு எழுதிக்கிட்டு வரச் சொல்லுங்க, ஒவ்வொரு லயத்து வீட்டுலயும் ஒரு கதை இருக்கு. அப்புறம் கட்சி சின்னம், சங்கத்து தலைவர் மாதிரி நடிக்கிறது இதெல்லாம் வேணாம், காலையில வேலைக்கு பேர் குடுக்கிற பெரட்டுக்களத்துல கதை வேற மாதிரி வரும் 😅

கொட்டகலை மிஸ்:
தாத்தா சொன்னது சரி, 1948ஐ தனியாவே எடுக்கிறேன். ரோட்டு கதைய இன்னைக்கே சொன்னேன், துரையா நடிக்க ஆறு பேர் கை தூக்கினாங்க, அப்பாவா நடிக்க ஒருத்தரும் இல்ல. கடைசியில ஒரு பொம்பள புள்ள தான் நான் செய்றேன்னு வந்துச்சு. எடுக்க ஆரம்பிச்சதும் தகரத்துல மழை, ஒரு சத்தமும் ரெக்கோர்ட் ஆகல. திங்கக்கிழமை திரும்ப எடுக்கிறோம்.