மாஹுல் ஆய்வகத்துக்கு பம்பாய் ஹை எண்ணெய் வந்த காலம்

பம்பாயில் டிராம்பேயை ஒட்டிய மாஹுல் பகுதியில் ஸ்டான்வாக் 1954-லும் பர்மா ஷெல் 1955-லும் தொடங்கிய இரண்டு சுத்திகரிப்பு ஆலைகளும், கப்பலில் வந்திறங்கும் அயல்நாட்டுக் கச்சா எண்ணெயை நம்பி எழுந்தவை. எழுபதுகளில் அவற்றுள் ஒன்றின் ஆய்வகத்தில், செம்பூரில் குடியிருந்தபடி ஷிப்ட் முறையில் வேலை பார்த்தேன். 1973-இன் இறுதியில் எண்ணெய் விலை நான்கு மடங்காக உயரத் தொடங்கியபின், அடுத்த கப்பல் எப்போது வரும் என்பதே எங்கள் பேச்சாக இருந்தது.

அந்த நிலையில்தான், 1974 பிப்ரவரியில், ஜப்பானில் கட்டப்பட்ட சாகர் சாம்ராட் என்ற துளையிடும் ரிக், கரையிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் மேற்கே அரபிக்கடலில் பம்பாய் ஹை என்ற இடத்தில் எண்ணெய் கண்டது. 1976 மே மாதத்தில் உற்பத்தியும் தொடங்கிவிட்டது. கடலடிக் குழாய் அமையும்வரை காத்திராமல், மிதவையிலிருந்து டேங்கர் கப்பலில் எண்ணெயை ஏற்றியதால்தான் இவ்வளவு விரைவு சாத்தியமாயிற்று. இந்தியப் பொறியாளர்களின் துணிவுக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை என்றே இன்றும் கருதுகிறேன்.

அந்த எண்ணெயின் மாதிரி எங்கள் மேசைக்கு வந்தபோது முதலில் கவனித்தது அதன் வாடையைத்தான். கந்தகம் மிகுந்த வளைகுடா எண்ணெயின் மூக்கைத் துளைக்கும் நெடி அதில் இல்லை. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் நிறையத் தரக்கூடிய இலேசான எண்ணெய் அது. ஆனால் மெழுகு மிகுதி. குளிர்காலக் காலையில் பாட்டிலைச் சாய்த்தால், மார்கழியில் உறைந்த தேங்காய் எண்ணெய்போல அசையாமல் நிற்கும். வெந்நீரில் வைத்து இளக்கிய பிறகே சோதனையைத் தொடங்க முடியும். தொட்டியிலும் குழாயிலும் அது உறைந்துவிடாதபடி சூட்டைக் காக்க வேண்டியிருந்தது, வேறு வகை எண்ணெய்க்குப் பழகிய ஆலைக்கு ஒரு புதுப் பாடமே.

எனக்கு மனம் ஆறாத ஒன்று, எண்ணெயோடு சேர்ந்து வந்த எரிவாயு. எண்ணெயைப்போல அதைச் சாதாரண டேங்கரில் ஏற்ற வழியில்லை. குழாய் இல்லாத காலத்தில் நடுக்கடலிலேயே கொளுத்திவிட வேண்டியிருந்தது. ரிக்கில் வேலை பார்த்துத் திரும்பும் நண்பர்கள், இரவிலும் விளக்கில்லாமல் தளத்தில் நடமாடும் அளவுக்கு அந்தச் சுவாலை வெளிச்சம் தரும் என்பார்கள். உரத்துக்கும் மின்சாரத்துக்கும் நாடு திண்டாடிய நேரத்தில், எண்ணெய்க்குக் காட்டிய அவசரத்தில் பாதியையாவது வாயுவுக்கும் காட்டியிருக்க வேண்டும். 1978-இல் கரையோர ஊரான உரண் வழியாகக் குழாய் அமைந்து, டிராம்பேயின் உர ஆலைக்கும் அனல்மின் நிலையத்துக்கும் அந்த வாயு பயன்படத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்கு நிறைவு ஏற்பட்டது.