அண்டர்கிரவுண்ட் சீ அட்டையை மாற்றிக்கொள்ளலாமா?

கேள்வி:
மேஜிக் தி கேதரிங் அட்டை விளையாட்டின் 1994 ரிவைஸ்டு பதிப்பில் வந்த அண்டர்கிரவுண்ட் சீ என்ற நில அட்டை ஒன்று என்னிடம் உள்ளது. நான் அதில் கமாண்டர் என்ற ஆட்ட வகையை மட்டுமே ஆடுகிறேன். நண்பர் ஒருவர் அதற்கு ஈடாகப் ஷாக் லேண்டு எனப்படும் வேறு நில அட்டைகள் பலவற்றைத் தர முன்வருகிறார், கொடுத்துவிடலாமா?

மறுமொழி 1:
அவசரப்படாதீர்கள். உங்கள் அட்டை 1996இல் தொடங்கிய ரிசர்வ்டு லிஸ்டில் இருப்பதால், போட்டிகளில் செல்லும் வடிவில் அதை இனி அச்சிடுவதில்லை என்று விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் நிறுவனம் உறுதியளித்துள்ளது. ஷாக் லேண்டுகளோ 2005இல் முதலில் வந்து, பிறகு பலமுறை மறுபதிப்பாகியுள்ளன.

மறுமொழி 2:
சேகரிப்பவருக்கு அது சரி. ஆடுபவருக்கு வேறு கணக்கு. கமாண்டரில் 40 உயிர்ப்புள்ளிகளுடன் தொடங்குவதால், ஷாக் லேண்டை உடனே பயன்படுத்தும் நிலையில் இறக்கக் கொடுக்கும் 2 புள்ளிகள் பெரிய இழப்பல்ல. ஆயினும் எண்ணிக்கையைக் கண்டு மயங்காமல், இருபுறச் சந்தை விலையையும் அட்டைகளின் தேய்மானத்தையும் ஒப்பிட்ட பிறகே கைமாற்றுங்கள்.