ஆறு அடுக்கு இஃப்: மேலேயே ரிட்டர்ன் போட்டுவிடலாமா?

கோத்தகிரிக்காரன்:
எங்கள் ஊரில் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை எடுக்கும் இடம் ஒன்றுக்கு எடைக் கணக்கு நிரல் இருக்கிறது, பைத்தான் மொழியில். எழுதியவர் போய்விட்டார், இப்போது என் கையில். தொகை போடும் ஃபங்ஷனை, அதாவது நிரலில் அந்த வேலைக்கான பகுதியை, திறந்தால் இஃபுக்குள் இஃப், ஒரு நிபந்தனைக்குள் இன்னொரு நிபந்தனை, ஆறு அடுக்கு. உறுப்பினரா, எடை இருக்கிறதா, இலை ஈரமா, முன்பணம் வாங்கியவரா என்று போய்க்கொண்டே இருக்கிறது. கிலோவை விலையால் பெருக்கும் வரி திரையின் வலது ஓரத்தில் கிடக்கிறது. நேற்று மேலேயே ரிட்டர்ன் போட்டு, அதாவது ஃபங்ஷன் அங்கேயே முடிந்து திரும்பும்படி, இப்படி மாற்றினேன்:

உறுப்பினர் இல்லை என்றால்: பிழை சொல்லித் திரும்பு
எடை 0 என்றால்: 0 கொடுத்துத் திரும்பு
நிகர எடை = எடை − ஈரக் கழிவு
தொகை = நிகர எடை × விலை − முன்பணம்
தொகையைக் கொடுத்துத் திரும்பு

மாற்றும்போதுதான் தெரிந்தது, முன்பணம் வாங்கியவர்களுக்கு ஈரக் கழிவு இரண்டு முறை பிடித்திருக்கிறது. வெளி அடுக்கில் ஒரு தடவை, உள் அடுக்கில் இன்னொரு தடவை.

கொடைக்கானல் சி:
தம்பி, பிழையைக் கண்டது நல்லது. ஆனால் ஒரே ஃபங்ஷனில் மூன்று ரிட்டர்ன் எனக்கு ஒப்பாது. நான் எடை மெஷினுக்கு சி மொழியில் நிரல் எழுதுகிறவன். பூம்பாறையில் பூண்டு எடை போடும் இடத்தில் ஒருநாள் முதல் மூட்டைக்குப் பிறகு மெஷின் நின்றுவிட்டது. மூட்டை எடுக்காமல் பட்டனை அமுக்கினால் நடுவிலேயே ரிட்டர்ன் ஆகிவிடும். போர்ட்டை, அதாவது மெஷினோடு பேசும் இணைப்பை, மூடும் வரி கடைசியில் இருந்தது, அங்கே போகவே இல்லை. வாசல் ஒன்று என்றால் பூட்டும் ஒன்று. இன்னொன்று: நிரலில் எத்தனை கிளை பிரிகிறது என்று எண்ணும், 1976இல் மெக்கேப் சொன்ன சிக்கல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். இஃபை அடுக்கினாலும் வரிசையாக வைத்தாலும் கிளைகள் அத்தனையேதான், எண் குறையாது. பிழை கிடைத்தது நீங்கள் கவனமாகப் படித்ததால், ரிட்டர்னால் அல்ல.

கோத்தகிரிக்காரன்:
அண்ணா, அதே ஃபங்ஷனை அதற்கு முன் மூன்று முறை படித்தேன், கண்ணில் படவில்லை. ஆறாவது அடுக்கில் நிற்கும்போது மேலே உள்ள ஐந்து நிபந்தனையையும் மனதில் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எண் குறையாது என்பது சரி. அந்தச் சுமையை அந்த எண் அளக்கவில்லை என்பதுதான் என் வாதம்.

குன்னூர் டெஸ்டர்:
நான் கோத்தகிரித் தம்பி பக்கம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு எழுதுவோருக்கான நடை விதிகளிலேயே, மூன்று அடுக்குக்கு மேல் உள்ளே தள்ள வேண்டி வந்தால் நிரலைச் சரிசெய் என்று இருக்கிறது. அதுவும் சிதான், அண்ணா. வாங்கிய வளத்தை (நினைவகம் போன்றவை) விடுவிக்க அங்கே கோட்டூ, அதாவது வேறு வரிக்குத் தாவும் கட்டளை, போட்டு ஃபங்ஷனின் அடியில் ஓர் இடத்துக்குப் போகிறார்கள். 1968இல் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா எதிர்த்த அதே கோட்டூதான், ஆனால் கீழ்நோக்கி, ஒரே வேலைக்கு. பைத்தானில் அதுவும் வேண்டாம். போர்ட்டை வித் கட்டளைக்குள் திறந்தால் எந்த ரிட்டர்னில் வெளியே வந்தாலும் மூடிவிடும்.

கொடைக்கானல் சி:
வித் இருக்கிற மொழியில் என் பயத்துக்கு வேலை இல்லை, ஒத்துக்கொள்கிறேன் அக்கா. சியில் விடமாட்டேன். சியைப் பாதுகாப்பாக எழுதுவதற்கான மிஸ்ரா சி 2012 விதித்தொகுப்பில் ஒரே வெளிவாசல் விதி அறிவுரை அளவில்தான் இருக்கிறது, இருந்தாலும் எங்கள் குழுவில் கட்டாயம். கெர்னல்காரர்கள் ஒவ்வொரு வரியையும் நாலு பேர் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். பூம்பாறையில் நான் ஒருவன்தான்.

கோத்தகிரிக்காரன்:
அப்படியென்றால் பிரித்துவிடலாமே? போர்ட்டைத் திறந்து மூடுவதற்கு ஒரு ஃபங்ஷன், அதில் ஒரே வாசல். எடையை வாங்கி முடிவு சொல்வதற்கு இன்னொன்று, அது எங்கே வேண்டுமானாலும் திரும்பட்டும். அதன் கையில் மூட வேண்டியது எதுவும் இல்லையே.

கொடைக்கானல் சி:
இது சியிலும் நிற்கும். எங்கள் விதியில் இதற்கு விலக்குக் கேட்டுப் பார்க்கிறேன். சரி, இரண்டு முறை பிடித்த பணம் என்ன ஆச்சு?

கோத்தகிரிக்காரன்:
பழைய ரசீதுகளைப் புது ஃபங்ஷனில் ஓட்டி வித்தியாசத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முன்பணம் வாங்குகிறவர்கள்தான் கையில் காசில்லாதவர்கள். அடுத்த பட்டுவாடாவில் அவர்களுக்குச் சேர்த்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.